மணிக்கு எவ்வளவு

மூவாயிரத்து ஐநூறு. ரயில்வே கேட் இறங்கிவிட்டது, தனபால் ஸ்கூட்டரை அணைத்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான். பின்சீட்டில் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி நாகஜோதிக்கு கேட் இறங்கியதும் தெரியவில்லை, வண்டி நின்றதும் தெரியவில்லை. மூவாயிரத்து ஐநூறு. சகாயராணி அக்கா வீட்டிலிருந்து கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடுத்த மாதம் அந்த அக்காவின் மகளுக்குச் சடங்கு. வயசுக்கு வந்த பிள்ளையைப் படம் எடுக்க ஆம்பளை எதற்கு என்று திண்டுக்கல்லில் யோசிக்கிற வீடுகளெல்லாம் இவளைத்தான் கூப்பிடும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று பார்க்கப் போனாள், பார்த்தாள், காபி குடித்தாள். வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போதுதான் அந்த அக்கா பின்னாலேயே வந்து, தெருமுனையில் வண்டியோடு நின்ற தனபாலுக்குக் கேட்காத குரலில் சொன்னது. “ஜோதி, கோச்சுக்காத. ஒனக்குக் காசு பேசுனாப் பிடிக்காது, மூடு போயிரும்னு தனபால் சார் சொல்லிருக்காரு. ஆனா மனசு கேக்கல. போன வருசம் எங்க அண்ணன் மக சடங்குக்கு மணிக்கு மூவாயிரத்து ஐநூறு குடுத்தோம். சார்ட்ட பேசுனா ஒத்த ரூவா எறங்க மாட்டேங்குறாரு. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு நீயா யோசிச்சு வையி, நான் ஃபோன் பண்ணுறேன்.” இவள் “சரிக்கா” என்றாள். வேறென்ன சொல்வது. வாரைக் கொக்கியில் மாட்டின கை மாட்டினபடியே நின்றது, நிமிரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதே சடங்குக்கு, அதே அண்ணன் மகளுக்கு, தனபால் கொண்டுவந்து இவள் கையில் வைத்தது மணிக்கு ஆயிரத்து இருநூறு என்ற கணக்கில்.

தப்பாகக் காதில் விழுந்திருக்குமோ. ஆயிரத்து ஐநூறு என்று சொல்லியிருப்பாள், வேகமாகப் பேசுகிறவள்தானே. இல்லை, மூவாயிரத்து என்கிற அந்த ‘மூ’ காதுக்குள் அப்படியே நிற்கிறது. ஒருவேளை வீடியோவையும் சேர்த்துச் சொல்கிறாளோ, ஆல்பத்தையும் சேர்த்தோ. ஆனால் மணிக்கு என்றாள். மணிக்கு என்றால் மணிக்குத்தான். எதிரே தனபாலின் முதுகு, கட்டம் போட்ட சட்டை, முந்தாநாள்தான் முடி வெட்டியதால் பிடரியில் வெள்ளையாக ஒரு கோடு. இத்தனை வருடமாக இந்த முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து போய் வருகிறாள். மழையில் இதில்தான் முகத்தை ஒளித்துக்கொள்வாள். இதை இப்போது புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியிருக்கிறது. அவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக? போன வருடம் மட்டுமா? அதற்கு முந்தின வருடமும் உண்டா? அந்தப் பொற்கொல்லர் தெரு வீடு, பேகம்பூர்க் கல்யாணத்தில் பெண்கள் பகுதி, இரட்டைப் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. கூட்டிப் பார்க்கலாம் என்று மனசு ஒவ்வொரு வீடாக ஏறியது, இரண்டாவது வீட்டு வாசலிலேயே கால் தடுக்கி மறுபடி மூவாயிரத்து ஐநூறில் வந்து விழுந்தது.

அந்தக் காதுகுத்து வீட்டில், இவள் இலையில் உட்காரப் போனபோது பிள்ளைகளின் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சாப்பிடுற நேரமும் மீட்டர் ஓடுமாம்மா?” என்றான். பந்தியே சிரித்தது. இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போயும் போயும் ஆயிரத்து இருநூறுக்கு இத்தனை அற்பத்தனமா என்று அரை வயிற்றோடு எழுந்து, சாப்பிட்ட நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். பெரிய ரோஷக்காரி. அவனைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பாவம், மூவாயிரத்து ஐநூறு கொடுக்கிற மனுஷன் கடிகாரத்தைப் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பான். மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போனாளே, அங்கேயும் இதே கூத்துதான். சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்கு ரேட்டைச் சொன்னார்கள், மூவாயிரம், நாலாயிரம், ஒரு பையன் ஆறாயிரம் என்றான். இவள் முறை வந்ததும் ஆயிரத்து இருநூறு என்றாள். பக்கத்தில் இருந்த சிவகங்கைப் பெண், “ஏங்க்கா எங்க பொழப்பையும் சேத்துக் கெடுக்குறீங்க?” என்று கேட்டாள், விளையாட்டாகக் கேட்கவில்லை. எங்க ஊர்ல அதுக்கு மேல தர மாட்டாங்கம்மா, அவங்கவங்க ஊர் நெலவரம் அவங்கவங்களுக்குத்தான் தெரியும் என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னாள். ஊர் நிலவரம் தெரிந்தவள்! கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டிகளெல்லாம் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கின்றன என்று தோன்றியது. அங்கே யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் ரயில் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணிக்கணக்கு என்பதே இவள் யோசனைதான். விசேஷ வீட்டில் விடிகாலையில் வரச் சொல்வார்கள், வந்தால் குத்துவிளக்கைத் தவிர ஒன்றும் தயாராக இருக்காது. பிள்ளை குளித்து, பார்லர் பெண் வந்து, எல்லாம் முடிந்தாலும் தாய்மாமன் சீர்த்தட்டோடு வராமல் ஒரு துரும்பு அசையாது. மாமன் எப்போது வருவார் என்பது மாமனுக்கே தெரியாது. வாசலில் மேளக்காரரோடு சேர்ந்து இவளும் காத்துக் கிடப்பாள், முழங்கால் விட்டுப்போகும், கூலி என்னவோ ஒரு விசேஷத்துக்கு இவ்வளவு என்பதுதான். ஒரு நாள் வெறுத்துப்போய், இனிமேல் மணிக்கணக்குத்தான் என்று முடிவு கட்டினாள். அதற்கப்புறம் பாருங்கள், மாமன்களெல்லாம் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள். “ஃபோட்டோக்காரம்மா மீட்டர் போட்டுட்டா, சீக்கிரம் வாங்கண்ணே” என்று தங்கச்சிமார்கள் ஃபோனில் கத்துவது இவள் காதிலேயே விழும். நேரத்துக்கு விலை வைத்தவள் நான், அதற்கு முன்னால் இந்த ஊரில் யார் வைத்தார்கள் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பே இருந்தது. வைத்தவள் நீ, வாங்கியவன் யார்?

ஆனால் அந்த விலையைச் சொல்ல முடியாமல் போனதே, அது நோட்டீஸால் வந்த வினை. மணிக்கணக்கு என்று முடிவெடுத்த ஜோரில் தன் கையாலேயே எழுதி அச்சகத்தில் கொடுத்தாள். அச்சாகி வந்ததில் கண்ணில் பட்டது இவ்வளவுதான், ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் மட்டுமே, வீடு தேடி வருவோம், பெண். பெண் புகைப்படக் கலைஞர் என்பதில் பின்னிரண்டு வார்த்தையை அச்சகத்துக்காரன் அழகுக்காகக் கொடிபோல வளைத்து, கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டான். மேலே சிரித்துக்கொண்டிருக்கிற இவள் முகம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஃபோன் நம்பர். பேப்பர் போடுகிறவரிடம் கொடுத்து ஊர் முழுக்க விட்டாயிற்று. முதல் ஃபோன் வந்தது மறுநாள் மத்தியானம். “ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?” என்றான். ஆயிரம் சார், ரெண்டு மூணு மணி நேரம்னா கொறைச்சுக்கலாம் என்றாள் உற்சாகமாக. “வீட்டுக்கே வருவியா?” வருவோம் சார், எத்தன பேர் இருப்பாங்க? அவன் சிரித்தான். அவனுக்குப் பின்னாலும் யாரோ சிரித்தார்கள். எத்தன பேர் இருப்பாங்க என்று, ஐயோ, தன் வாயால், அக்கறையாக, தான் கேட்டது இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இவள் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டியது தனபால்தான். நாளெல்லாம் வந்த ஃபோன்களுக்கு அவனே பதில் சொன்னான். சாயங்காலம் இவள் தலையைத் தடவிக்கொண்டே, “விடு ஜோதி. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு ஒரு பொம்பள வாயால வரவே கூடாது. இனிமே ரேட்டு நான் பேசிக்கிறேன், நீ படத்த மட்டும் பாரு” என்றான். அன்றைக்கு அவன் தெய்வம் மாதிரி தெரிந்தான். கூடப் பிறந்த அக்காளுக்கு ஃபோன் போட்டு, என் வீட்டுக்காரர் மாதிரி வருமா என்று அழுதாள்.

சரக்கு ரயில் வந்தது, வந்துகொண்டே இருந்தது, பெட்டிக்குப் பெட்டி தரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் மறைந்துகொண்டு ஒரு நினைப்பு வந்தது. அந்த முதல் ஃபோன், அதுகூட இவன் வேலையோ. சீச்சீ. இல்லை. நோட்டீஸை எழுதியது இவள், வளைத்தது அச்சகத்துக்காரன், அதையெல்லாம் தனபால் தலையில் போடுவது பாவம். ஆனால் அப்படி ஒரு நினைப்பு வந்ததே, அதுதான் தூக்கி வாரிப்போட்டது. ஒரு தொகை தெரிந்த மாத்திரத்தில், கட்டின புருஷனைப் பற்றி எதை வேண்டுமானாலும் நினைக்க முடிகிறதே. அப்புறம் லென்ஸ். கல்யாண நாளுக்குக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து கையில் வைத்தானே, எண்பத்தைந்து எம்எம், முகத்தைத் தனியாக எடுத்துக் கொடுக்கிற லென்ஸ், இவள் கடை கடையாகப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்த லென்ஸ். மொபைல் கவர் விற்கிற அவன் சின்னக் கடையில் என்ன வந்துவிடும், எந்த வயிற்றைக் கட்டி இதை வாங்கினாரோ என்று தேம்பித் தேம்பி அழுதாள். போகிற வீட்டிலெல்லாம், இது எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தது என்று தூக்கிக் காட்டியிருக்கிறாள். மடியில் இருந்த பைக்குள் அந்த லென்ஸ்தான் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது. யார் பணத்தில் யார் யாருக்கு வாங்கிக் கொடுத்தது? அழுத அழுகையைத் திரும்பக் கேட்க முடியுமா? அவன் அன்றைக்குப் பக்கத்தில் நின்று முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தட்டும்போது அவனுக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

வீடு கட்டச் சேர்க்கிறானோ. அப்படியும் இருக்கலாம், சொல்லாமல் சேர்த்து ஒரு நாள் இதே மாதிரி கண்ணைக் கட்டிக் கூட்டிப்போகலாம் என்று. கடன் ஏதும் இருக்குமோ, வெளியில் சொல்ல முடியாத கடன். ஏதாவது ஒரு காரணத்தை அவன் சொல்லிவிட்டால் போதும், நம்பிவிடலாம் என்று மனசு முன்கூட்டியே சால்வையோடு நிற்பது இவளுக்கே தெரிந்தது. அதைப் பார்த்து இன்னும் பயம் வந்தது. சரி, இப்போது அந்த அக்கா ஃபோன் பண்ணும், எவ்வளவு என்று கேட்கும், என்ன சொல்வது? ஆயிரத்து இருநூறு என்றால் அந்த அக்காவுக்கு மயக்கமே வந்துவிடும், போன வருடம் ஏமாந்தோம் என்று ஊரெல்லாம் சொல்லும். மூவாயிரத்து ஐநூறு என்றால், அது இவள் வைத்த விலையா, அவன் வைத்த விலையா? என் ஒரு மணி நேரம் எவ்வளவுதான் பெறும்? மாலையின் பாரத்தில் கழுத்து வலித்துச் சிணுங்குகிற பிள்ளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு நொடி கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரிக்குமே, அந்த ஒரு நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிற நேரம். அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அதன் விலை ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

ரயில் போய்விட்டது. கேட் திறக்கவில்லை, எதிர்ப் பக்கமிருந்து இன்னொன்று வருகிறதாம். ஓயாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தவர்களும் வண்டியை அணைத்துவிட்டார்கள். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. கால் மரத்துப்போய் நாகஜோதி கீழே இறங்கி நின்றாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் ஃபோன் அடித்தது, திரையில் சகாயராணி அக்கா. தனபால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வலது கையை மட்டும் தோளுக்குப் பின்னால் விரித்து நீட்டினான். ஃபோன் அடித்தால் அந்தக் கை அப்படித்தான் வரும், இவளும் யோசிக்காமல் அதில் வைப்பாள். கை காற்றில் நின்றது. ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. “குடு” என்றான். நாகஜோதி பச்சையை இழுத்துக் காதில் வைத்தாள்.

“சொல்லுங்கக்கா.”

“யோசிச்சியா ஜோதி? எவ்வளவு போட்டுக்கலாம்?”

“ஒரு மணி நேரத்துக்கு” என்றாள். குரல் கம்மிப் பாதியில் நின்றது. பக்கத்துப் பைக்கில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள், ஒருவன் உதட்டோரம் இளிப்பது இவளுக்குத் தெரிந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார். இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில், இத்தனை அமைதியில். “ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து ஐநூறுக்கா” என்றாள், இந்தத் தடவை கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும். “அதே ரேட்டுதான். கொறைக்க முடியாது. ஆனா காச எங்கிட்ட குடுங்க. என் கையில குடுங்க.”

“ம். சரிம்மா. நீ சொன்னாச் சரி” என்றது அக்காவின் குரல், ஏதோ புரிந்த மாதிரி.

நீட்டின கை எப்போதோ இறங்கியிருந்தது. தனபால் இப்போது முழுசாகத் திரும்பி உட்கார்ந்து இவளைப் பார்த்தான். நாகஜோதி அவன் முகத்தையே பார்த்தாள். முகம் வெளிறும், கண் தாழும், எச்சிலை விழுங்குவான், ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தாள். முகம் பார்ப்பதுதானே அவள் தொழில். வந்ததெல்லாம் எரிச்சல்தான்.

“லூசாடி நீ? எடுத்த எடுப்புல மூணரைன்னா சொல்லுவாங்க? அஞ்சுன்னு ஆரம்பிச்சாத்தான் மூணரையில வந்து நிக்கும். இனி அந்தம்மா ரெண்டரைக்கு இழுக்கும் பாரு.”

“எங்கிட்ட ஆயிரத்து இருநூறுன்னுதான சொன்னீங்க?”

“ஆமா, அது ஒனக்கு. இது வெளிய சொல்றது.” நிஜமாகவே அவனுக்கு இவள் கேள்வி புரியவில்லை என்பது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. “கடையில ஒரு கவர் நான் வாங்குற வெலயும் விக்கிற வெலயும் ஒண்ணாவா இருக்கும்? நடுவுல எனக்கு எவ்வளவு அலைச்சல், எவ்வளவு பேச்சு. இதுகூடவா சொல்லித் தரணும் ஒனக்கு?”

வாங்குகிற விலை. ஒளித்து வைத்திருக்கிறான், குற்ற உணர்ச்சியில் புழுங்கிக்கொண்டிருக்கிறான், பிடிபட்டால் உடைந்துபோவான் என்றெல்லாம் நினைத்தாளே, அங்கே உடைவதற்கு ஒன்றுமே இல்லை. அவன் திருடவே இல்லை. அவன் கணக்கில் அது வியாபாரம். பாசஞ்சர் ரயில் தடதடத்துப் போனது, அதன் ஜன்னல்களில் போன முகங்களெல்லாம் கலைந்து கலைந்து தெரிந்தன. உள்ளே எழுந்ததைக் கோபம் என்று நினைத்தாள், கோபம் இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தவனை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள், அந்த அதிர்ச்சி.

கேட் மேலே ஏறியது. அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் உயிர்பெற்று ஹாரன் அடித்தன. “ஏறு, ஏறு” என்று சொல்லிக்கொண்டே தனபால் முன்னால் திரும்பி ஸ்கூட்டரைக் கிளப்பினான். பின்னாலிருந்த ஆட்டோ அவசரத்தில் லேசாக முட்டியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது, ஏறிவிட்டாள் என்று நினைத்திருப்பான். முறுக்கிக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டான். தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, தோளுக்கு மேலாக, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே போனான். இடது கையை வேறு எடுத்து விரல் மடக்கி விளக்கினான். பேரம் பேசுவது எப்படி என்று சொல்லித் தருகிறான் போல. பின்சீட்டு காலியாக அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

வெள்ளரிப்பிஞ்சுக்காரர் பதறிப்போனார். “ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு ஒங்கள விட்டுட்டுப் போறாரும்மா. கூப்புடுங்கம்மா!”

நாகஜோதி தோளில் நழுவிய பையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

“பேசிட்டிருக்காருண்ணே” என்றாள். “பேசி முடிக்கட்டும்.”